நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் வீடு கட்ட நிலம் வாங்குதல்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே, விழுப்புரம் – கடலூர் இருப்புப்பாதையில் அமைந்த நகராட்சி நெல்லிக்குப்பம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இயங்கிவரும் பாரி சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் கரும்பும் நெல்லும். மேற்கே பண்ருட்டிப் பக்கம் சென்றால் செம்மண்ணும் பலாவும் முந்திரியும். தெற்கே சிதம்பரத்தை நோக்கிச் செல்லச் செல்ல மண் கறுத்துக் களிமண்ணாகிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், வெளிநாட்டில் சம்பாதித்தவர்களும், சொந்த ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களும் இப்பகுதியில் இருபது, முப்பது சென்ட் வாங்கி, கிணறும் நாலு தென்னையும் உள்ள ஒரு வீடு கட்டிக்கொள்ள விரும்புவது இப்போது பரவலாகி வருகிறது.

இவ்வாறு வாங்குபவர் பலர் "பத்திரம் சரியாக இருக்கிறதா" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அது தேவையான கேள்விதான். ஆனால் பத்திரம் குற்றமற்றதாக இருந்தும் அந்த நிலத்தில் வீடு கட்ட முடியாமல் போகலாம். கட்டிய வீட்டுக்குள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் வரலாம். விளைநிலம் வாங்குவது வேறு, வீட்டுக்கு நிலம் வாங்குவது வேறு. கரும்புக்கு நல்ல நிலமாக இருப்பதே சில சமயம் வீட்டுக்குக் கெட்ட நிலமாக இருப்பதற்குக் காரணம்.

அளவுகள்

முதல் குழப்பம் அளவிலேயே தொடங்கும். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்துப் பெரியவர்கள் நிலத்தைக் காணிக் கணக்கில் சொல்வார்கள். இங்கே ஒரு காணி என்பது 100 குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. ஆகவே காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1 ஏக்கர் 32 சென்ட். சிதம்பரம் பக்கம் போனால் காவிரிப் பாசனப் பகுதியின் மா கணக்கு வந்துவிடும். அங்கே குழி என்பது 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 33 சென்ட். இரண்டு இடத்திலும் "குழி" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல் நான்கு மடங்கு. குழிக்கு இவ்வளவு என்று விலை பேசினால் எந்தக் குழி என்று கேட்டுவிட வேண்டும்.

பட்டாவில் இவை எதுவும் இருக்காது. அங்கே ஹெக்டேர், ஏர் கணக்கு. 0 - 13.50 என்றிருந்தால் 13.5 ஏர், ஒரு ஏர் 2.47 சென்ட் என்பதால் அது சுமார் 33 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் வேறுபட்டால் குறைந்த அளவுக்கே விலை பேசுவது நல்லது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்த பிறகு அளவு கூடிப்போன கதைகளை விடக் குறைந்துபோன கதைகளே அதிகம்.

யாருடைய நிலம்

பட்டா இருந்தால் நிலம் அவருடையதுதான் என்ற எண்ணம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உரிமைக்கு ஒரு சான்றாக உதவும்; ஆனால் அதுவே உரிமை ஆகாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, ஊரில் இல்லாதவர்களின் பெயர்கள் விடுபட்டதும், சாகுபடி செய்துகொண்டிருந்தவர் பெயர் ஏறியதும், புல எண்கள் மாறியதும் உண்டு. "யுடிஆர் பிழை" என்று இன்றும் தாலுகா அலுவலகங்களில் கேட்கும் சொல் அதிலிருந்து வந்தது. எனவே இன்றைய பட்டாவை மட்டும் பார்க்காமல், விற்பவரின் பெயர் அதில் எப்படி வந்தது என்பதை மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலும் 1975 முதலான பதிவுகள் அங்கே கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவை அதில் தெரியாது.

அதில் தெரியாத இன்னொன்று, கையெழுத்துப் போடாத வாரிசு. இந்த வட்டாரத்தில் நிலத் தகராறு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருப்பார். மகன்கள் இருவர் மட்டும் சேர்ந்து விற்பார்கள். "தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். நகை போட்டது பாகம் பிரித்தது ஆகாது. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்து, அந்த ஆண்டு மார்ச் 25இல் மணமாகாதிருந்த மகள்களுக்கு உரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் மணமான, மணமாகாத என்ற வேறுபாட்டை நீக்கியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினை இதனால் கலையாது. நெல்லிக்குப்பத்தில் கணிசமாக உள்ள இஸ்லாமியக் குடும்பங்களில் பங்குகள் அவர்களின் தனிச்சட்டப்படி அமையும். அதிலும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு உண்டு.

ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாரா என்று எண்ண வேண்டும். வெளியூரில் இருக்கும் அக்காவிடம் நேரில் போய்ப் பேசிவிட்டு வருவது ஒருநாள் வேலை. இந்துக் குடும்பத்தில் வாரிசு ஒருவர் மைனராக இருந்தால் அவரது நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாதுகாவலர் விற்க முடியாது. பொது அதிகார ஆவணத்தை மட்டும் காட்டி "இதுவே கிரயம் மாதிரிதான்" என்று சொல்பவரிடம் வாங்கக் கூடாது. அதிகார ஆவணத்தால் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

விற்கவே கூடாத நிலங்கள்

திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர், திருவந்திபுரம் என்று பழம்பெருங்கோயில்கள் சூழ்ந்த பகுதி இது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது; பல தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிரிட்டவர் விற்றாலும் அப்படித்தான். வக்பு நிலத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பூமிதான நிலமும், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து ஒப்படைக்கப்பட்ட நிலமும் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை.

பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒப்படைக்க முடிவு செய்தது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் அந்தச் சமூகத்தினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. பலமுறை கைமாறியதால் மட்டும் அந்த நிபந்தனை மறைந்துவிடாது. சந்தை விலையைவிட மிகக் குறைவாக ஒரு நிலம் வந்தால், பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் தாலுகா அலுவலகத்தில் பார்த்துவிட வேண்டும். இதை வாங்குபவரின் பணப் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிலத்துக்கு உரிய குடும்பம் பெரும்பாலும் அதே ஊரின் காலனியில் இன்னும் இருக்கிறது.

வீடு கட்ட முடியுமா

2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாமல் வீட்டு மனைகளாகப் பிரித்த நிலத்தை இப்போது புதிதாகப் பதிய முடியாது. அந்த நாளுக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு, 2017 விதிகளின்கீழ் வரன்முறை செய்யும் வழி தரப்பட்டது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கப்படும் மனைப்பிரிவுகளில் எச்சரிக்கை வேண்டும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின், ஒப்புதல் எண் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தனியாக ஒரு கொல்லையை வாங்கி நடுவில் வீடு கட்ட நினைப்பவருக்கு வேறு சிக்கல். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம். அதனால் பத்திரம் தடையின்றி முடிந்துவிடும். ஆனால் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி முன் அனுமதி தேவை. அதற்குக் கட்டணமும் உண்டு. வேளாண்மைத் துறையின் கருத்து கேட்கப்படும். புஞ்சைக்குக் கிடைப்பது போல நஞ்சைக்கு எளிதில் கிடைக்காது. அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. பிற்பாடு விற்கும்போதும் தடை வரும். "எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்பது உண்மைதான். பிரச்சினை வராத வரைக்கும் அது உண்மை.

ஆகவே நில வகைப்பாட்டை முதலில் பார்த்துவிட்டு, கிராமம் திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்பதைக் கடலூரில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு, பிறகு முன்பணம் கொடுப்பதே சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிறிய வீடு போதும் என்பவருக்கு ஊர் நத்தத்தில் பட்டா உள்ள மனை கிடைத்தால் அதுவே உத்தமம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிலப்பயன் மாற்றம் தேவையில்லை, தெருவும் மின்கம்பமும் ஏற்கெனவே இருக்கும், இரவில் கூப்பிட்டால் கேட்க ஆளும் இருக்கும். கொல்லையைத் தனியாக, கொல்லையாகவே வைத்துக்கொள்ளலாம். நத்தம் பட்டாவும் நத்தம் புறம்போக்கும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி பெறலாம்.

சிதம்பரம் பக்கம் நிலம் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஒன்றியங்கள் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் உள்ளன. அச்சட்டம் ஹைட்ரோகார்பன் போன்ற குறிப்பிட்ட தொழில்களைத் தடுப்பது. தனி வீட்டைப் பற்றியது அல்ல.

தண்ணீர் நிற்கும் இடம்

நெல்லிக்குப்பத்துக்கு ஒரு புறம் தென்பெண்ணை, மறுபுறம் கெடிலம். மேற்கே இரண்டையும் தொடுக்கும் மலட்டாறு. இங்குள்ள வண்டல் முழுவதும் இந்த ஆறுகள் கொண்டுவந்து போட்டது. அதாவது ஆறு இங்கே வந்து போயிருக்கிறது, இனியும் வரும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே நீரில் கிடந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. உள்ளூரில் மழை விட்டுவிட்டாலும் மேலே பெய்த மழையால் வெள்ளம் வரும் என்பதை அன்று பலர் நேரில் கண்டனர்.

நிலம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை. அப்போது எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கரும்பு நிற்கும்போது நிலத்தின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய பிறகு பார்ப்பதே சரி. பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் "இங்கே தண்ணீர் வருமா" என்று கேட்டால், விற்பவரின் முகத்துக்காக "வராது" என்பார்கள். "2015இல் எது வரைக்கும் வந்தது, எத்தனை நாள் நின்றது" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

புலப்பெயரும் சேதி சொல்லும். மேட்டுக்கொல்லை என்பதும் பள்ளக்கழனி என்பதும் சும்மா வைத்த பெயர்கள் அல்ல. தாங்கல், மடை, ஓடை என்று பெயர் வந்தால் கிராம வரைபடத்தில் பக்கத்தில் நீர்நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புலப்படத்தில் வாய்க்கால் ஓடி, தரையில் அது தெரியவில்லை என்றால், யாரோ தூர்த்திருக்கிறார்கள். அந்த நீர் போக வேறு வழி தேடும். உங்கள் வீட்டு வாசலைத் தேடலாம். ஏரி உள்வாய், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றை ஒட்டிய நிலத்தை அளக்காமல் வாங்கவே கூடாது.

வெள்ளத்தைப் பற்றி யோசிப்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்தில் பல தலைமுறை வயதான பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்தது. தகரக் கூரைகளும் ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளும் பறந்தன. மர நிழலில் வீடு என்பது இனிய கற்பனை. பெரிய மரத்திலிருந்து வீடு தள்ளி இருப்பதே நிம்மதி.

களிமண் நிலத்தில் கட்டுவதானால் அடித்தளச் செலவு கூடும். அந்த மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். வாங்குவதற்கு முன் ஓர் ஆள் உயரக் குழி தோண்டிப் பார்த்து, பொறியாளர் ஒருவரிடம் காட்டுவது சில ஆயிரம் ரூபாயில் முடியும். நிலத்தடி நீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கடற்கரையை நெருங்கும்போது உப்பு ஏறியிருக்க வாய்ப்புண்டு. பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து முடிவு செய்வது போதாது.

பாதை

விளைநிலத்துக்கு வரப்பு போதும், வீட்டுக்கு வண்டிப்பாதை வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் போகிறோம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்ற பேச்சு, புதிதாக வந்தவர் காம்பவுண்டு எழுப்பும் நாளில் மாறிவிடும். பாதை புலப்படத்தில் உள்ளதா, யார் புலத்தில் செல்கிறது, எத்தனை அடி அகலம் என்று பார்க்க வேண்டும். தனியார் நிலத்தின் வழியே என்றால் அந்த வழியுரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம். ஆனால் அதை நிரூபிக்க வழக்காட வேண்டும். புது வீட்டுக்காரர் பக்கத்து நிலத்துக்காரரோடு வழக்காடிக்கொண்டு ஊரில் வாழ்வது கடினம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் அன்னியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி விளைநிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம். அங்கீகரிக்கப்பட்ட வீட்டு மனையும் வீடும் வாங்கத் தடை இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பணம் அனுப்பி, அப்பா பெயரில் கொல்லை வாங்குவது இந்தத் தடையினால்தான். ஆனால் பத்திரத்தில் யார் பெயரோ, அவருடைய நிலம் அது. அவர் உயில் இல்லாமல் காலமானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. "பணம் நான் அனுப்பினேன்" என்று அப்போது சொல்வது பயன்படாது. பினாமிச் சட்டத்தின் கேள்வியும் எழலாம். அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகளில் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு நிலம் இருக்கிறது.

விலையும் பதிவும்

விலை முடிவானதும், பொதுவாக விற்பனை ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுப்பது வழக்கம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும்; வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாகக் கொடுப்பதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்தால் தகராறில் சான்றாகவும் நிற்கும்.

2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மதிப்பு 8 லட்சம் ரூபாய் என்றால் 56,000 + 16,000 ஆக 72,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். மேலே சொன்ன கணக்கில் 8,000 ரூபாய் மிச்சம். உண்மை விலையைக் குறைத்துக் காட்டி எழுதினால் பிற்பாடு விற்கும்போது ஆதாய வரி கூடும், வீட்டுக்கடனும் பத்திர மதிப்புக்கே கிடைக்கும்.

கிரயத்துக்கு முன்பே சர்வேயரை வைத்து அத்து காட்டச் சொல்லி, பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் கல் நட வேண்டும். அவர்கள் வந்து நின்று பார்த்ததே ஒரு சாட்சி. பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், இன்றைய உரிமையாளர்களின் பெயர் இருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் இறந்தவர் பெயரைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எழுதுவது பத்திர எழுத்தர்களின் பழைய பழக்கம். முழுப் புலத்தையும் வாங்கினால் பட்டா தானாகவே மாறிவிடும். ஒரு பகுதியை வாங்கினால் உட்பிரிவு செய்ய சர்வேயர் அளந்து, தனிப் புலப்படம் வந்து, அதன்பிறகே தனிப் பட்டா வரும். கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவைத்தால் வீட்டு அனுமதி, கடன் எதற்குப் போனாலும் மற்றப் பட்டாதாரர்களின் கையெழுத்தைக் கேட்பார்கள். தனிப் பட்டா கைக்கு வந்த பிறகு ஆழ்துளைக் கிணறு போடுவதும், வீட்டு இணைப்புக்கு மின்வாரியத்தில் மனு கொடுப்பதும் நடக்கலாம். விவசாய இணைப்பின் இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுத்துக்கொள்ள முடியாது.